வாக்கு இயந்திரத்துக்கு முத்திரை குத்துவது யார்?



போன மாதம் கொழுந்து மடுவத்தில் ஒரே பேச்சு. ஒரு பையனின் கையடக்கத் தொலைபேசிக்குச் செய்தி ஒன்று வந்திருக்கின்றது. அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டு கிடையாதாம், மெசினாம், பொத்தானை அமுக்கினால் போதுமாம். கொழுந்து நிறுக்க நின்ற அக்கா ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்: "ஐயா, அந்தப் பொட்டியில நாம அமுக்குறது நம்ம ஆளுக்குத்தான் போகுமா? இல்ல வேற யாருக்காச்சும் போயிருமா?"

நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. "நம்ம பத்திரிகையில எழுதுறேன் அக்கா" என்று சொல்லித் தப்பி வந்துவிட்டேன்.

இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டிருக்கிறார். எனக்குச் சொந்த ஊர் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியார் விரிகுடாவின் தென்கரையில் இருக்கும் சம்பூர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அம்மா இப்போதும் அங்கேதான். தமிழ்நாட்டுத் தேர்தல் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "தம்பி, பெட்டிக்குள்ள கடதாசி விழுந்தா கண்ணால காணலாம். இதுக்குள்ள என்னடா விழுது?" என்றார். மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஒரே கேள்வி வந்தபடியால், கொஞ்சம் தேடிப் படித்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொலைபேசிச் செய்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமது நாட்டில் இன்றுவரை கடதாசி வாக்குச்சீட்டுத்தான். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அதே வருடம் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல், மூன்றிலும் சீட்டில்தான் அடையாளம் இட்டோம். மெசின் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக அடிபடுகின்றது. ஆனால் பேச்சு வேறு, சட்டம் வேறு. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தியாவில் ஒரு நல்ல வழக்கு இருக்கின்றது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு மெசினைப் பற்றிப் பேசுவோம்.

தராசைத்தான் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில், பழைய தராசை எடுத்துவிட்டு இலக்கம் காட்டும் புதுத் தராசு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பழையதில் முள் ஆடுவதைப் பார்க்கலாம். புதியதில் சிவப்பு இலக்கம் மட்டும். இரண்டு வாரத்தில் பெண்களிடையே முணுமுணுப்பு. "முதுகுக்குத் தெரியுது பதினெட்டு கிலோன்னு, பொட்டி சொல்லுது பதினாறுன்னு." நிறுத்தவரிடம் கேட்டால், "மெசின் பொய் சொல்லாது" என்ற பதில். ஒரு பெரியம்மா சத்தம் போடவில்லை. அடுத்த நாள் கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கட்டு அவிழ்க்காமல் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க அந்தத் தராசில் மாட்டினார். நாலரை காட்டியது! களவு என்று நான் சொல்ல மாட்டேன். பற்றரி இறங்கியிருந்தது, தராசைச் சரிபார்த்து வைத்த முத்திரையும் அதில் இருக்கவில்லை. திருத்தி வரும் வரைக்கும் பழைய தராசே திரும்பி வந்தது.

நமது நாட்டில் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை வைப்பதற்கென்றே அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் என்று ஓர் அரச திணைக்களம் இருக்கின்றது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுக்கின்றது. ஒரு கிலோ அரிசி நிறுக்கும் தராசுக்கே சட்டமும், முத்திரையும், வருடா வருடம் பரிசோதனையும் வேண்டும் என்றால், ஒரு நாட்டின் அரசாங்கத்தை நிறுக்கும் தராசுக்கு எவ்வளவு வேண்டும்? வாக்கு இயந்திரத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் இந்தப் பெரியம்மாவின் அரிசிப் பையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி, அந்த மெசின் என்ன மாதிரி என்று பார்ப்போம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு கப்பலேறிப் போன நம் சொந்தக்காரர்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பழகிய சாமான். தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. 2004இல் இந்தியாவின் மக்களவைத் தேர்தல் முழுவதும் அப்படியே.

அது இரண்டு பெட்டி. ஒன்று அதிகாரியின் மேசையில் இருக்கும். மற்றது மறைப்புக்குள், நாம் வாக்களிக்கும் இடத்தில் இருக்கும். நடுவே ஒரு வயர். மறைப்புக்குள் உள்ள பெட்டியில் வேட்பாளர் பெயரும் சின்னமும், பக்கத்தில் ஒரு நீலப் பொத்தானும். ஒரு பெட்டியில் 16 பெயர் கொள்ளும். கூடப்பேர் நின்றால் இன்னொரு பெட்டியைச் சேர்த்துக் கட்டுவார்கள். அதிகாரி தன் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் உங்கள் பெட்டி ஒரு தடவைக்குத் திறக்கும். நீங்கள் சின்னத்துக்கு நேரே அமுக்கினால் சிவப்பு வெளிச்சம் எரிந்து 'பீப்' என்று சத்தம் வரும். அத்தோடு பூட்டிக்கொள்ளும். பத்துத் தரம் அமுக்கினாலும் ஒரு வாக்குத்தான். நிமிடத்துக்கு நாலைந்து வாக்குக்கு மேல் அது ஏற்காது. வாக்குச் சாவடியைப் பிடித்துக்கொண்டு கட்டுக்கட்டாகச் சீட்டுக் குத்திப் பெட்டியில் போடும் சண்டித்தனத்தை மெதுவாக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்சாரம் தேவையில்லை, பற்றரியில் ஓடும். இணையத்தோடும் தொலைபேசியோடும் தொடர்பு இல்லாமல் தனியாக நிற்கும்படி செய்திருப்பதாக இந்தியத் தேர்தல் ஆணையம் சொல்கின்றது.

இதைச் செய்வது இரண்டே அரச நிறுவனங்கள். பெங்களூரில் இருக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தில் இருக்கும் இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம். கதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: எழுத்தாளர் சுஜாதாவின் உண்மைப் பெயர் ரங்கராஜன். அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளர். இந்த மெசினை உருவாக்கும் வேலையை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஊர் வாசிகசாலையில் அவருடைய கதைகளுக்கு அடிபட்ட நாட்களில் இது எனக்குத் தெரியாது.

சரி, வழக்குக்கு வருவோம்.

1977இல் இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஷக்தர் என்பவர் இந்த யோசனையை எடுத்தார். 1979இல் மாதிரி செய்தார்கள். 1980 ஆகஸ்ட் மாதம் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிறகு, "பரீட்சித்துப் பார்ப்போம்" என்று 1982 மே 19இல் கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் வைத்தார்கள். அந்தத் தொகுதியில் 84 வாக்குச் சாவடி. அதில் 50இல் மெசின், மிச்சத்தில் வழக்கமான சீட்டு.

போட்டியிட்ட இருவர் முக்கியம். காங்கிரஸில் ஏ.சி. ஜோஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சிவன் பிள்ளை. தேர்தலுக்கு முன்பே சிவன் பிள்ளை, மெசின் வேண்டாம் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் தலையிடவில்லை. தேர்தல் நடந்தது. எண்ணிப் பார்த்தால் மெசினை வேண்டாம் என்றவரே 123 வாக்கில் வென்றிருந்தார்! உடனே தோற்ற ஜோஸ், மெசின் வாக்குச் செல்லாது என்று வழக்குப் போட்டார். வென்றவனுக்கு மெசின் நல்லது, தோற்றவனுக்குக் கெட்டது. அன்று தொடங்கிய இந்த வழக்கம் இந்திய அரசியலில் இன்னும் நிற்கவில்லை. ஆட்கள்தான் மாறி மாறி வருகிறார்கள்.

கேரள உயர் நீதிமன்றத்தில் ஜோஸுக்குச் சாதகமாக வரவில்லை. அவர் டில்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1984 மார்ச் 5இல் தீர்ப்பு. மெசின் பழுது என்றோ, யாரும் களவு செய்தார் என்றோ நீதிமன்றம் சொல்லவில்லை. அது கேட்டது வேறு கேள்வி: இந்த மெசினை வைக்க உங்களுக்கு அதிகாரம் தந்தது யார்?

தேர்தல் ஆணையம் சொன்ன பதில்: தேர்தலை மேற்பார்வை செய்து நடத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பே எங்களுக்குத் தந்திருக்கின்றது, ஆகவே வைத்தோம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாராளுமன்றம் செய்த சட்டத்திலும் அதன் கீழ் செய்த விதிகளிலும் வாக்குச்சீட்டு, வாக்குப்பெட்டி என்றுதான் இருக்கின்றது. சட்டம் ஒன்று சொல்லும்போது ஆணையம் அதற்கு மாறாக இன்னொன்றைச் செய்ய முடியாது. வேண்டுமென்றால் முதலில் சட்டத்தை மாற்றிவிட்டு வாருங்கள் என்றது. மெசின் வைத்த 50 சாவடியிலும் திரும்ப வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. அதே மே மாதம் சீட்டிலே மறுபடி வாக்களித்தார்கள். இந்தத் தடவை ஜோஸ் வென்றார். இரண்டு வருடம் சட்டசபையில் இருந்த சிவன் பிள்ளை வெளியே வந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த 50 சாவடியிலும் வரிசையில் நின்று வாக்களித்த ஒவ்வொரு ஆளும் சரியான பட்டியலில் இருந்தவர், சரியான பொத்தானை அமுக்கியவர். அவர்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. தராசில் முத்திரை இல்லாதபடியால் அவர்கள் வாக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆகவே யாராவது "மெசின் வந்தால் வரட்டும், சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் பரவூரை ஞாபகப்படுத்துங்கள்.

அதன் பிறகுதான் இந்தியா ஒழுங்காகச் செய்யத் தொடங்கியது. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். அது 1989 மார்ச் 15இல் நடைமுறைக்கு வந்தது. 1992இல் விதிகள் வந்தன. அந்த விதிகளில், இயந்திரம் தேர்தல் ஆணையம் அங்கீகரித்த வடிவில்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கின்றது. அங்கீகாரம் என்பது அங்கேதான் சட்டமாகின்றது. இருந்தும் அவசரப்படவில்லை. 1998இல் டில்லி, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் மூன்றிலும் சேர்த்து 16 தொகுதியில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். முழு நாட்டுக்கும் வர 2004 ஆயிற்று. பரவூரிலிருந்து 22 வருடம்.

அங்கீகாரம் என்று கடதாசியில் ஒரு கையொப்பம் வைத்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பெரியம்மாவின் அரிசிப் பை வருகின்றது. ஆணையத்துக்குத் தொழில்நுட்ப நிபுணர் குழு ஒன்று உண்டு, அது வடிவத்தைப் பார்க்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஒவ்வொரு மெசினையும் கட்சிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் திறந்து பரிசோதிக்கிறார்கள். எந்த மெசின் எந்தச் சாவடிக்குப் போகும் என்பதை முன்கூட்டி யாரும் அறியாதபடி கம்பியூட்டரில் குலுக்கிப் போடுகிறார்கள், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. வேட்பாளர் பெயர் பொருத்திய பின்னர் நூற்றுக்கு ஐந்து மெசினில் ஆயிரம் வாக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காலையில் நடப்பது. வாக்களிப்புத் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், ஒவ்வொரு சாவடியிலும் கட்சி முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குப் போட வேண்டும். இன்ன சின்னத்துக்கு இத்தனை என்று முகவர்கள் தங்கள் கணக்கை வைத்திருப்பார்கள். பிறகு மெசினின் கணக்கைப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துவந்தால் அழித்துவிட்டு, பூச்சியம் காட்டி, சீல் வைத்துத் தொடங்குவார்கள். பாரம் தெரிந்த பையைத் தராசில் மாட்டிப் பார்ப்பது இதுதானே? மாலையில் முடிந்ததும் மொத்தம் எத்தனை வாக்குப் பதிந்தது என்று எழுதிய 17சி என்ற படிவத்தின் பிரதியை முகவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் மெசின் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் கையில் கடதாசி இருக்கும். மடுவத்தில் நிறுத்த உடனே துண்டு கேட்டு வாங்குகிற மாதிரி.

ஆனால் இவ்வளவும் செய்தபோதும் அம்மாவின் கேள்வி பாக்கி. "இதுக்குள்ள என்னடா விழுது?" மாதிரி வாக்கில் ஒழுங்காக நடந்த மெசின், என் வாக்கையும் ஒழுங்காகப் பதிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் கேட்டார்கள். சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 8இல் உச்ச நீதிமன்றம், கடதாசித் தடயம் இல்லாமல் சுதந்திரமான, நீதியான தேர்தல் என்று சொல்ல முடியாது, அதைப் படிப்படியாகக் கொண்டுவாருங்கள் என்றது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நாகாலாந்தின் நொக்சென் தொகுதி இடைத்தேர்தலில் அதை முதல் தடவையாக வைத்திருந்தார்கள்.

'விவிபேட்' என்று அங்கே சொல்வது இதைத்தான். மெசினோடு சேர்த்து ஒரு சின்ன அச்சுப் பெட்டி. நீங்கள் பொத்தானை அமுக்கியதும் அதன் கண்ணாடி ஜன்னலில் ஒரு சீட்டுத் தெரியும். நீங்கள் அமுக்கிய ஆளின் பெயரும் சின்னமும் அதில் இருக்கும். ஏழு செக்கன் நிற்கும், பிறகு தானாக அறுந்து உள்ளே பெட்டிக்குள் விழும். கையில் தர மாட்டார்கள். தந்தால் வெளியே நிற்கும் சண்டியன் "காட்டு பார்ப்போம்" என்பான், காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பான். அமுக்கியது ஒன்று, தெரிந்தது வேறொன்று என்றால் அங்கேயே அதிகாரியிடம் எழுத்தில் முறையிடலாம். அவர் முகவர்கள் முன்னால் ஒரு சோதனை வாக்குப் போடச் சொல்வார். முறைப்பாடு பொய்யென்றால் தண்டனை உண்டு. இந்தத் தண்டனைக்குப் பயந்து உண்மையான ஆளும் பேசாமல் போய்விடுவாரே என்பது என் எண்ணம். நம் சனத்தைத் தெரிந்தவன் என்றபடியால் சொல்கிறேன்.

விழுந்த சீட்டையெல்லாம் எண்ணுகிறார்களா? இல்லை. முதலில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடியின் சீட்டை மட்டும் எண்ணினார்கள். 2019 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாக்கியது. குலுக்கல் முறையில் எடுக்கும் ஐந்து. எல்லாவற்றையும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி சீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்ட வழக்கை 2024 ஏப்ரல் 26இல் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் இரண்டு விஷயம் உத்தரவிட்டது. ஒன்று, வேட்பாளர் சின்னங்களை அச்சுப் பெட்டியில் ஏற்றும் கருவி இருக்கின்றதே, அதையும் சீல் வைத்து முடிவு வந்த பின் 45 நாள் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு, இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்த வேட்பாளர் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், நூற்றுக்கு ஐந்து மெசினின் உள் நினைவகத்தைப் பொறியியலாளர் திறந்து பார்க்க வேண்டும். செலவு கேட்டவருடையது. திருகுதாளம் கண்டுபிடித்தால் காசு திரும்பும்.

முத்திரை என்பது ஒரு நாளில் குத்தி முடிகிற வேலை இல்லை என்பது இதில் தெரிகின்றது. 1984, 1989, 2013, 2019, 2024 என்று ஒவ்வொன்றாக, யாரோ ஒருவர் கேட்டுக் கேட்டு வாங்கியது.

இந்தியாவை விட்டு வெளியே போனால் மெசினைத் திருப்பி அனுப்பிய நாடுகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் 2005 தேர்தலில் சில இடங்களில் கம்பியூட்டர் வாக்கு மெசின் வைத்தார்கள். அரசாங்கம் அங்கீகரித்த மெசின்தான். ஆனால் 2009 மார்ச் 3இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. தேர்தலின் முக்கியமான ஒவ்வொரு படியையும் ஒரு சாதாரண பிரஜை, தொழில்நுட்பப் படிப்பு எதுவும் இல்லாமல், தானே சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். மடுவத்து அக்கா கேட்டதும் அதுதான், ஜெர்மன் நீதிபதிகள் சட்ட மொழியில் சொல்லியிருக்கிறார்கள். ஒல்லாந்தில் 2006இல் ஒரு குழுவினர் அந்நாட்டு மெசினைத் திறந்து குழப்பிக் காட்டிவிட்டார்கள், நாடு மறுபடி கடதாசிக்கும் பென்சிலுக்கும் போயிற்று. அயர்லாந்து ஏழாயிரத்துக்கு மேல் மெசின் வாங்கி, 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, நாடு முழுவதற்கும் ஒரு தேர்தலிலும் பயன்படுத்த முடியாமல் 2012இல் பழைய இரும்பாக விற்றது. பங்களாதேஷும் 2024 ஜனவரித் தேர்தலுக்கு மெசினைக் கைவிட்டுச் சீட்டுக்கே திரும்பியது.

ஆனால் நமக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த மாதிரியான கதை ஆபிரிக்காவின் நமீபியாவில் நடந்தது. அவர்கள் இந்திய மெசினைத்தான் வாங்கினார்கள். மெசினை அனுமதிக்கும் சட்டத்திலேயே, கடதாசித் தடயமும் வேண்டும் என்று எழுதியிருந்தது. அமைச்சர் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது மெசின் பகுதியை மட்டும் கொண்டுவந்து, கடதாசிப் பகுதியை விட்டுவிட்டார். 2020 பெப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒன்றைப் பிய்த்து மற்றதை விட முடியாது, அது அரசியலமைப்புக்கு முரண் என்றது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, முழுதாக நடைமுறைக்கு வந்ததா என்றும் பார்க்க வேண்டியிருக்கின்றது.

இப்போது நம் பக்கம் வருவோம். நமது சீட்டு முறை குறை இல்லாததா? இல்லை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 பேர் நின்றார்கள், சீட்டின் நீளம் 26 அங்குலம். லயத்து ஜன்னலுக்குத் திரை தைக்கலாம் போல இருந்தது. அதைவிடப் பெரிய குறை செல்லாத வாக்கு. 2020 பாராளுமன்றத் தேர்தலில் 7,44,373 வாக்கு நிராகரிக்கப்பட்டது. 100 பேர் வாக்களித்தால் 6 பேருடையது குப்பைக்கு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 3,00,300. இந்தப் பொத்தான் மெசினில் செல்லாத வாக்கு என்று ஒன்று ஏறக்குறைய கிடையாது. இதை மெசினின் பெரிய நன்மையாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்திய மெசினைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே ஓர் ஆளுக்கு ஒரு பொத்தான், அதோடு முடிந்தது. இங்கே பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, அதன் பிறகு மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடுகிறோம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் இடலாம். 2024இல் முதல் தடவையாக அந்த இரண்டாம், மூன்றாம் விருப்பை எண்ண வேண்டியும் வந்தது. ஒற்றைப் புள்ளடி போடும் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேண்டுமானால் அந்த மெசின் பொருந்தும். மற்றவற்றுக்குப் புது வடிவம் செய்ய வேண்டும். புது வடிவம் என்றால் புதிதாகப் பரிசோதனை, புதிதாக அங்கீகாரம். "இந்தியாவில் நல்லா ஓடுது, இங்கேயும் ஓடும்" என்ற பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும்.

இதில் நமக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். 1947 தேர்தலில் தோட்டத்துச் சனம் வாக்களித்துத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம். அடுத்த தேர்தலில் நம் தாத்தா பாட்டிமாரின் பெயர் இடாப்பில் இல்லை. ஒருவரும் வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எல்லாம் சட்டப் புத்தகத்தில் எழுதி நடந்தது. அந்த உரிமை முழுதாகத் திரும்பி வர 1988, 2003 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வேண்டியிருந்தது.

எங்கள் ஊரிலும் வேறு மாதிரி ஓர் அனுபவம். 2006இல் யுத்தத்தில் சம்பூரை விட்டு எழும்பி, 2015இல் காணி விடுபடும் வரைக்கும் முகாமில் கிடந்தோம். பெயர் சம்பூர் இடாப்பில், ஆள் முகாமில். ஒரு தேர்தல் நாளில் எங்களுக்கான வாக்களிப்பு நிலையம் எது என்று சரியாகத் தெரியாமல், அம்மா இரண்டு இடத்தில் வரிசையில் நின்றுவிட்டு வெயிலில் வாக்களிக்காமலே திரும்பி வந்தார். அன்றைக்குச் சீட்டும் இருந்தது, பெட்டியும் இருந்தது. அடுத்த தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னரே வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கிராம சேவகரிடம் போய் இடத்தை உறுதிப்படுத்திய பிறகுதான் அவருக்கு நித்திரை வந்தது.

ஆகவே நாளைக்கு மெசின் வரும் என்றால் அது எப்படி வர வேண்டும்? முதலில் பாராளுமன்றத்தில் சட்டமூலம் வரும். 1981ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்களில் வாக்குச்சீட்டு என்று இருப்பதை மாற்றாமல் மெசின் வைக்க முடியாது. சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் தமிழிலும் வெளிவரும். அரசியலமைப்புக்கு முரண் என்று எண்ணும் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அதற்குக் கொடுக்கும் நாள் மிகக் கொஞ்சம். யூனியன் தலைவர்கள் இதில் கண் வைக்க வேண்டும். வாசிக்கும்போது தேட வேண்டியது: மெசினை அங்கீகரிப்பது யார், செய்கிறவரும் சோதிக்கிறவரும் ஒரே ஆளா, கடதாசிச் சீட்டு உண்டா, அதை எத்தனை இடத்தில் எண்ணுவார்கள், காலையில் முகவர் முன்னால் மாதிரி வாக்கு உண்டா, முறையிட்டால் எத்தனை நாளில் யார் திறந்து பார்ப்பார், பொத்தானின் பக்கத்தில் தமிழ் எழுத்து இருக்குமா. கண் தெரியாதவர்களுக்கு இந்திய மெசினில் தடவிப் பார்க்கும் புள்ளி எழுத்து இருக்கின்றது. அதையும் கேட்கலாம்.

மடுவத்தில் என்னை மறித்த அக்காவுக்கு: நீங்கள் கேட்ட கேள்விக்கு ஜெர்மனியில் நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கின்றது. இனிமேல் கூச்சப்படாமல் சத்தமாகக் கேளுங்கள்.

மெசின் வரும் வரைக்கும் சீட்டுத்தான் என்றபடியால், செல்லாத வாக்கைக் குறைக்கிற வேலையை நாமே தொடங்கலாம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் மாதிரிச் சீட்டு வைத்துப் பழகுவோம். புள்ளடி எங்கே, விருப்பு இலக்கம் எங்கே, கோட்டுக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவராகப் போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை வாக்களிக்கப் போகும் பிள்ளைகளையும், கண்பார்வை மங்கிய பெரியவர்களையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். சீட்டும் பென்சிலும் நான் கொண்டுவருவேன்.